வலப்பக்கத்தால் வாசித்தவர்

சால்வையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கிற வெள்ளைக்காரர்களின் படப் புத்தகங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வாசிக்காமல் சொல்லவில்லை. முப்பத்தேழு புத்தகம் வாசித்திருக்கிறேன். முப்பத்தாறை என்னைக் கலியாணம் முடித்த மாப்பிள்ளையோடு சேர்ந்து வாசித்தேன். கடைசி ஒன்றை அவருடைய உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்த வகைப் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. என் தங்கச்சியின் பேரப்பிள்ளைகள் இப்போது அதே மாதிரிச் சால்வைக்காரர்களை டெலிவிஷனில் பார்க்கிறார்கள். அது தொடங்கினால் நான் எழும்பிக் குசினிக்குச் சமைக்கப் போய்விடுவேன்.

எங்கள் ஊர் சாய்ந்தமருது. நான் கல்முனையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். பெரிய பிள்ளையானதும் நிறுத்திவிட்டார்கள். அழுதேன், மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் பசி தாங்காமல் எழும்பிச் சாப்பிட்டேன். மிச்சமாக இருந்தது அரைகுறை இங்கிலீஸும் நிறையக் கோபமும்தான். பதினேழு வயதில் கலியாணம் முடித்து வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வாப்பா கண்மூடி மௌத்தாகுமுன் எனக்கென்று கட்டி வைத்த வீட்டில் உம்மாவும் தங்கச்சியும் நானும் இருந்தோம். அவர் ஒரு ரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆனால் சின்னதில் ஓதப் போனவர். குர்ஆனை மூன்று தரம் ஓதி முடித்தவர். அரபு எழுத்தில் எழுதிய தமிழ்ப் பாட்டுகளை ராகம் போட்டு வாசிப்பார். தமிழ் எழுத்தில் அவருடைய பெயரைக் காட்டினால் அது என்ன பூச்சி என்று கேட்பார்.

மீன் வியாபாரம்தான் அவருடைய தொழில். அந்த நாளில் இங்கினியாகலையில் பெரிய அணைக்கட்டு எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்ட வந்த அமெரிக்காக்காரர்கள் பெண்சாதி பிள்ளைகளோடு அங்கே பலகை வீடுகளில் குடியிருந்தார்கள். இவர் கிழமைக்கு நாலு நாள் பெட்டியில் மீனை ஐஸ் போட்டு லொறியில் ஏற்றிக்கொண்டு போவார். வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரர் ஒருவர், அந்தப் பிள்ளைகள் பார்த்து முடித்து எறிந்த படப் புத்தகங்களை, மீன் சுற்றிக் கொடுக்க உதவும் என்று இவருக்குக் கொடுத்திருக்கிறார். இவர் மீனைத் தேக்கம் இலையில் சுற்றி விற்றுவிட்டுப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

முதல் புத்தகத்தை ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பகல் சோறு தின்றுவிட்டு, எங்கள் அறையில் பாயில் வைத்து விரித்தார். நான் தலையணைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். அவர் படங்களைப் பார்த்து எனக்குக் கதை சொல்லத் தொடங்கினார்.

"எல்லாரும் கை தட்டுறாங்க. சால்வைக்காரன் இடுப்பில கைய வெச்சிட்டு நிக்கிறான். பொறவு இவன் ஆக்கள ஒவ்வொண்டாத் தூக்கிட்டுப் போய் நெருப்புக்குள்ள வெக்கிறான்."

"என்னது?" என்றேன்.

"ஓம்கா. நெருப்புக்குள்ளதான். நல்லா எரியுது. மறுகா கொஞ்சம் கொஞ்சமா அணையுது. வீடு புதுசாகிட்டு. எல்லாரும் மேசையில இருந்து சாப்பிடுறாங்க. சால்வைக்காரன்தான் பாவம். கடைசில தெருவில நிண்டு பேப்பர் விக்கிறான்."

எழும்பி வந்து பார்த்தேன். மனிதர் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில் திறந்து, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த சிரிப்பில் ஊசி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. பிறகு அதை ஒரு மணித்தியாலம் தேடினோம்.

"நீங்க பின்னுக்கிருந்து வாறீங்க. இங்கிலீஸ் புத்தகத்த இடப்பக்கத்தால திறக்கணும்."

"யார் சொன்ன? குர்ஆன எந்தப் பக்கத்தால திறக்கிற?"

"அது அல்லாஹ்ட வேதம். இது வெள்ளக்காரன்ட விளையாட்டுப் புத்தகம்."

"புத்தகம் எண்டாப் புத்தகந்தான்," என்றார் அவர், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

இரண்டு மூன்று வெள்ளிக்கிழமையில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் பக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றார். "உன்ட பக்கத்தால வாசிச்சா நல்லா இருந்த வீடு பத்தி எரியுது. என்ட பக்கத்தால வாசிச்சா எரிஞ்ச வீடு நல்லாகுது. கடைசில எல்லாரும் வீட்ட போய்ச் சேர்றாங்க. எது நல்ல கதை? நீயே சொல்லு."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு தரம் வாசிப்பது என்று வழக்கமாகிவிட்டது. முதலில் நான் இடப்பக்கத்தால் வாசித்து, தெரிந்த இங்கிலீஸுக்குத் தமிழ் சொல்லுவேன். தெரியாததற்கு ஏதாவது சொல்லி ஒப்பேற்றுவேன். பிறகு அவர் வலப்பக்கத்தால் வருவார். இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த விளையாட்டு. படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்று உம்மா முணுமுணுப்பார். அதற்காகப் புத்தகங்களை ரங்குப் பெட்டியின் அடியில், உடுப்புக்குக் கீழே வைத்தோம்.

சந்தோஷமாக இருந்த அந்தக் காலத்திலேயே அந்தப் புத்தகங்களில் எனக்குக் குறைதான் தெரிந்தது. சுவருக்குள்ளால் நடந்து போகக்கூடிய பெண்ணொருத்தி ஒரு புத்தகத்தில் வந்தாள். எந்தச் சுவராக இருந்தாலும் அவளுக்குத் தண்ணீர்தான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பேங்குக்குள் புகுந்து கள்ளர்களைப் பிடித்தாள். போடி பைத்தியக்காரி என்று சத்தமாகவே சொன்னேன். பேங்குக்காரனுக்குக் காவலுக்கு ஆள் இல்லையா? எங்கள் வீட்டைச் சுற்றி இருந்தது சாதாரணக் கிடுகு வேலி. ஆடு முட்டினால் விழும். நாலு வருஷம் நான் அதைத் தாண்டவில்லை. எனக்கு மட்டும் அந்தச் சக்தி இருந்திருந்தால் விடிய எழும்பி வேலிக்குள்ளால் நடந்து, கல்முனைக்குப் போய், எட்டாம் வகுப்பில் என் வாங்குப் பலகையில் குந்தியிருப்பேன்.

இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அடுத்த முறை லொறியில் போய் வந்தபோது எனக்கு ஒரு பென்சிலும் கொப்பியும் வாங்கி வந்தார். எழுத ஒன்றும் இல்லாமல் அதில் சீலைக் கணக்கும் தையல் அளவும் எழுதினேன்.

அவருக்குச் சால்வைக்காரர்களின் உடுப்புத்தான் தீராத பிரச்சினை. உடம்போடு ஒட்டின காற்சட்டை, அதற்கு மேலே உள்ளுக்குப் போடுகிறது. "இவன் இந்த உடுப்போட தொழுதாக் கூடுமா?" என்று கேட்பார். "தொழுவிக்கிற லெவ்வையிட்டப் போய்க் கேளுங்க" என்பேன். "கேட்டா அவர் என்னப் பள்ளிவாசலால துரத்திப்போடுவார்" என்பார். பிறகு தானே தீர்ப்பும் சொல்லுவார். பின்னால் தொங்குகிற சால்வையை முன்னால் சுற்றிக் கட்டினால் கூடும், ஆனால் பறக்க ஏலாமல் போகும்.

எனக்கு இன்னொரு கோபமும் இருந்தது. எல்லாப் புத்தகத்திலும் ஒரு மஞ்சள் தலைமயிர்க்காரி வருவாள். மாடியிலிருந்து விழுவாள், காப்பாற்றுவார்கள். அடுத்த புத்தகத்தில் பாலத்திலிருந்து விழுவாள், திரும்பவும் காப்பாற்றுவார்கள். ஒரே ஆளை எத்தனை தரம் காப்பாற்றுவது? ஊரில் வேறு சனம் இல்லையா? இவன் அவளைத் தூக்கப் பறந்து போகிற நேரத்தில் கீழே எத்தனை பேர் என்ன பாடுபடுகிறார்களோ, அதை ஒருவரும் படமாகக் கீறிக் காட்டவில்லை.

அணைக்கட்டு கட்டி முடிந்தது. அமெரிக்காக்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே மீன் வாங்க ஆள் இல்லை. கடைசி நாள் சமையல்காரர் ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார். வியாபாரம் போனதும் இவர் சொந்தக்காரர் இரண்டு பேரோடு சேர்ந்து தோணியில் கடலுக்குப் போகத் தொடங்கினார். அவருடைய வாப்பாவும் கடல் தொழில் செய்தவர்தான். இவருக்குத்தான் அது புதிது.

அந்தக் கடைசிக் கட்டில் ஒரு புத்தகத்தின் அட்டையில் தென்னை மரம் உயரத்துக்கு ஒருவன் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அவன் கையில் ஒரு படகு இருந்தது. நான் ஆசையோடு அதைத்தான் முதலில் எடுத்தேன். அவர் வாங்கி வைத்துவிட்டார்.

"இத வெச்சிரு. கடலப் பத்தின புத்தகம். நான் கொஞ்சம் கடலப் பழகிட்டு வாறன். இவங்க சரியாக் கீறியிரிக்காங்களா எண்டு அப்பதான் சொல்லலாம்."

"எத்தின நாள்?"

"கச்சான் முடியட்டும்."

கச்சான் என்றால் எங்கள் பக்கத்தில் ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. வயலுக்கு மேலால் வந்து, ஊருக்கு மேலால் போய், கடலுக்குள் இறங்கும். அதை அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். வாடைக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அது முரட்டுக் காற்று, ஆனால் கொண்டுபோனதைத் திருப்பித் தந்துவிடும். கச்சான் அப்படி இல்லை, கரையில் இருக்கிறதைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். கடற்கரையில் நிற்கிற பெண்ணின் முந்தானை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே தோணி போகலாமா கூடாதா என்று சொல்லிவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமைகளில் மற்றப் புத்தகங்களை வாசித்தோம். அதை மட்டும் பெட்டியில் வைத்திருந்தோம்.

ஒரு புதன்கிழமை விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் போனார். மூன்று பேர். பத்து மணிபோலக் கச்சான் எழும்பியது. கிணற்றடியில் காயப்போட்டிருந்த, அவர் இடுப்பில் உடுக்கிற சாரன் வேலியைத் தாண்டிப் பறந்தது. அதை எடுக்கக்கூட நான் வெளியே போகவில்லை. மற்றத் தோணிகள் எப்படியோ தண்டு வலித்துக் கரைக்கு வந்துவிட்டன. அவர்களுடையது வரவில்லை.

ஒன்பதாம் நாள் தெற்கே ஒருவருடைய மையத்து நீரோட்டத்தில் கரை ஒதுங்கியது. பத்தாம் நாள் மற்றவருடையது. கொண்டுவந்து அடக்கினார்கள். அந்த இரண்டு வீட்டிலும் பெண்கள் வெள்ளைச் சீலை உடுத்து இத்தாவில் இருந்துவிட்டார்கள். புருஷன் மௌத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும். அது முடிந்தால் திரும்பக் கலியாணம் செய்யலாம். மூன்றாவது வீட்டில் நான் பூப்போட்ட சீலையோடு இருந்தேன். என்னை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு கதை வந்தது. பெரியநீலாவணைப் பக்கம் கடலுக்குப் போன ஒருவர், தூரத்தில் போன கப்பல் ஒன்று தண்ணீரில் தத்தளித்த ஆளை ஏற்றிக்கொண்டு ரங்கூன் பக்கம் போனதைக் கண்டாராம். கண்டவர் யார் என்று கேட்டால் அவர் இன்னொருவரிடம் கேட்டவர். அந்த இன்னொருவர் வேறொருவரிடம் கேட்டவர். என் மாமி, அவருடைய உம்மா, அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தெரு தள்ளித்தான் அவருடைய வீடு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, குசினி வாசலில் என் பக்கத்தில் குந்தி, கப்பல் இப்போது எங்கே நிற்கும் என்று கதைப்பார். ரங்கூனிலிருந்து கடிதம் வர எத்தனை நாள் செல்லும் என்று என்னிடம் கேட்பார். மாப்பிள்ளைக்கு எழுதத் தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

நானும் நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பது? பகலில் வேலை முடிந்ததும் பெட்டியைத் திறந்து அந்த முப்பத்தாறு புத்தகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய பக்கத்தால் வாசித்தேன். அப்போதுதான் அவற்றின் மேல் எனக்கிருந்த கோபம் முற்றிப்போனது. சே, என்ன புத்தகங்கள்! அறுபது ஆள் உயரமான கட்டடங்கள் இருக்கின்றன, காத்திருக்கிற பெண் ஒருத்தி இல்லை. நெருப்பில் விழுந்தவனுக்கு அடுத்த படத்திலேயே உதவி வந்துவிடுகிறது. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த விரற்கடை வெள்ளைக் காகிதத்தில்தான் நான் ஆறு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். அதில் என்ன நடக்கிறது என்று எழுதினவனுக்கும் தெரியாது, கீறினவனுக்கும் தெரியாது. பறக்கத் தெரிந்த இவ்வளவு பேரில் ஒரு நாய்கூட எங்கள் கடல் பக்கம் வரவில்லையே என்று அழுதேன். காகிதத்தில் இருக்கிறவர்களோடு சண்டை பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

கடல் புத்தகத்தை மட்டும் திறக்கவில்லை. அதை அவர் வந்துதான் திறக்கவேண்டும். நான் திறந்தால் அவர் வரமாட்டார் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. மாமியிடம் மட்டும் அந்தப் புத்தகத்தைப் பற்றியும் அவருடைய மகன் வலப்பக்கத்தால் வாசித்த விதத்தைப் பற்றியும் சொல்லியிருந்தேன்.

உம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு கதைக்கத் தொடங்கினார். "இருவது வயசு உனக்கு. புருஷன் இரிக்கிறவளுமில்ல, இல்லாதவளுமில்ல. இப்பிடியே கிழவியாகப் போறியா? இத்தாவில இருந்து எழும்பு மகள். ஒனக்குப் பின்னால தங்கச்சி ஒருத்தி இரிக்காள். இந்த வீட்ட முடிவில்லாமக் கிடந்தா அவளயும் கேட்டு யாரு வருவாங்க?"

மாமி அதைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இத்தாவில இருந்தா என்ட மகன் மௌத்து. நீ இரிக்கிற வரைக்கும்தான் அவன் ஹயாத்தோட இரிக்கான். ஒண்டும் சொல்லாத மகள். வாயத் திறக்காத." அவர் சொன்னதும் சரிதான், உம்மா சொன்னதும் சரிதான். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது.

ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் தலைமை மரைக்காயரும் லெவ்வையும் வந்தார்கள். விறாந்தையில் பாய் விரித்து இருத்தினோம். நான் அறைக்குள் சீலைத் திரைக்குப் பின்னால் இருந்தேன். என் பக்கத்தில் மாமி. உம்மா தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார்.

மரைக்காயர் நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல் சொன்னார். "இஞ்ச பாருங்க புள்ள. மூணு பேர் போன. ரெண்டு பேர்ட மையத்து வந்திட்டு. ஆறு மாசம் போயிட்டு. தீர்ப்புச் சொல்ற காதியாரோடயும் கதைச்ச நாங்க. நீங்க ஓமெண்டு சொன்னா நாளைக்கு ஜும்ஆவுக்குப் பொறவு மையத்து இல்லாமலே ஜனாஸாத் தொழுவிக்கலாம். நீங்களும் இத்தாவில இரிக்கலாம். ஆனா நாங்க நெருக்க மாட்டம். உங்கட வாயாலதான் சொல்லணும். யோசிச்சு, பொழுது பட்டு மஃரிபு தொழுறத்துக்கு முதல்ல சொல்லுங்க."

விறாந்தையில் அவர்கள் வயலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். அறைக்குள் நானும் மாமியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் மாமி மெதுவாகக் கேட்டார்.

"அவன் பாக்காம வெச்சிட்டுப் போன பொத்தகம் ஒண்டு இரிக்கெண்டு சொன்னியே. இரிக்கா?"

"இரிக்கி மாமி."

"அத அவன் வாசிக்கிற மாதிரி எனக்கு வாசிச்சிக் காட்டு."

ஏலாது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் மாமி இதுவரைக்கும் என்னிடம் அவருடைய சாமான் ஒன்றையும் கேட்டதில்லை. பெட்டியைத் திறந்து, அவருடைய சாரன்களுக்குக் கீழே கையை விட்டு எடுத்தேன். பாயில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, வலப்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

"கடற்கரையில ஆக்கள் கூடி நிக்கிறாங்க. சந்தோசமாச் சிரிக்கிறாங்க. ஒரு நெட்டையன் படகக் கையில தூக்கி வெச்சிட்டு நிக்கிறான். அதுக்குள்ள ஒருவன் இரிக்கான்."

"மீன்காரனா?"

"ஓம் மாமி. மீன்காரன்தான். நெட்டையன் அந்தப் படகக் கொண்டுபோய் நடுக்கடல்ல வெக்கிறான். பெரிய அலை. படகு கவிழுது. மீன்காரன் தண்ணிக்குள்ள நிக்கிறான். கரையில பொம்பிளைகள் நிண்டு கத்துறாங்க. மறுகா படகு நிமிருது. அலை இல்ல. மீன்காரன் வலையச் சுருட்டிக்கிட்டுக் கரைக்கு வாறான். நடந்து வாறான். கதவத் திறக்கிறான்."

கடைசியாக, அதாவது புத்தகத்தின் முதல் பக்கத்தில், ஒரு சின்ன வீடு. மீன்காரன் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு மேசையில் இருந்து சாப்பிடுகிறான். முன்னால் அவனுடைய பெண்சாதி நின்று பரிமாறுகிறாள். விளக்கு எரிகிறது.

மாமி சட்டென்று அந்தப் படத்தின் மேல் கையை வைத்தார். "இதோட நிப்பாட்டு. இனித் திருப்பாத."

நான் திருப்பவில்லை. திருப்பவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வாசித்துக்கொண்டு வரும்போதே, கரையில் பெண்கள் நின்று கத்துகிற அந்தப் படத்தில் நான் ஒன்றைக் கண்டுவிட்டேன். அவர்களுடைய பாவாடை, தலைமயிர், பின்னால் இருந்த வீட்டுப் புகைபோக்கியின் புகை, எல்லாம் கடலுக்கு முதுகு காட்டி, ஊர்ப் பக்கமாகப் பறந்தன. அடுத்த படத்திலும் அப்படித்தான், அதற்கடுத்த படத்திலும் அப்படித்தான். கீறினவன் பிழை விடவில்லை. நெட்டையன் வராமல் விட்டிருந்தாலும், பிடிக்க ஒரு பலகை கிடைத்திருந்தால் அந்த மீன்காரனை அந்தக் காற்றே கரைக்குக் கொண்டுவந்து போட்டிருக்கும்.

இவர்கள் சரியாகக் கீறியிருக்கிறார்களா என்று அவர் வந்து சொல்வதாக இருந்தார். அவருக்குப் பதிலாக நான் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் கீறியிருந்தார்கள். ஆனால் அது எங்கள் கடல் இல்லை. அன்றைக்குப் பத்து மணிக்கு எங்கள் வேலியைத் தாண்டிக் கிழக்கே கடல் பக்கமாகப் பறந்த சாரன் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆறு மாதமாக அது எந்தப் பக்கம் பறந்தது என்று நான் நினைக்காமலே இருந்திருக்கிறேன்.

மாமி என் முகத்தைப் பார்த்தார். "என்ன? பொத்தகத்தில ஏதும் பிழையா?"

"பிழையில்ல மாமி. காத்துக் கரைக்கு அடிக்கிது."

மாமி மீன்காரர் வீட்டில் பிறந்து மீன்காரரைக் கட்டினவர். வேறு ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. படத்தின் மேல் வைத்த கையை எடுக்காமல் குனிந்திருந்தார். "அப்ப இவன் வந்திருப்பான்" என்றார்.

"ஓம் மாமி. இவன் வந்திருப்பான்."

வெளியே மரைக்காயர் செருமினார். மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. "என்ன புள்ள, என்ன சொல்றீங்க?"

மாமி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார். அவருடைய உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஓம்," என்றேன்.

விறாந்தையில் இரண்டு பேரும் மெதுவாக இன்னா லில்லாஹி ஓதினார்கள். குசினியில் உம்மா அழுகிற சத்தம் கேட்டது. அவர் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, ஏன் அழுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. மாமி அழவில்லை. புத்தகத்தை மூடினால் பக்கம் மாறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, திறந்தபடியே இரண்டு கையாலும் எடுத்து, முக்காட்டுக்குள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழும்பினார். குசினி வாசலால் வெளியே போனார். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை, என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவும் இல்லை. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய மகனை மௌத்தாக்கினது கடலாக இருக்கலாம், வாயால் சொன்னது நான்தானே.

அடுத்த நாள் ஜும்ஆவுக்குப் பிறகு தொழுகை நடந்தது. பள்ளி பக்கத்தில்தான். அல்லாஹு அக்பர் என்கிற நாலு தக்பீரும் அறைக்குள் கேட்டது. முன்னால் வைக்க ஒன்றும் இல்லாமல் இத்தனை ஆண்கள் வரிசையாக நிற்கிறார்களே என்று நினைத்தேன். அது எங்களுடைய வெள்ளிக்கிழமை நேரம். பகல் சோறு முடிந்து பாய் விரிக்கிற நேரம்.

மற்ற முப்பத்தாறு புத்தகங்களையும் உம்மா கொண்டுபோய் அடுப்புக்குள் வைத்தார். எந்தச் சால்வைக்காரனும் நெருப்புக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. சோறு நேரத்துக்கு வெந்தது.

நான் வெள்ளை உடுத்தேன். இத்தா நாளைக் கணக்கு வைக்க உம்மா ஒரு கரித்துண்டு தந்தார், கதவுக்குப் பின்னால் ஒன்றிலிருந்து கோடு போட்டுக்கொண்டு வா என்றார். நான் அவர் வாங்கித் தந்த கொப்பியையும் பென்சிலையும் எடுத்தேன். கடைசி நாளின் இலக்கத்தை வலப்பக்க மூலையில் எழுதி, ஒவ்வொரு நாளும் ஒன்று குறைத்து, இடப்பக்கமாக வந்தேன். அவர் வாசிக்கிற மாதிரி எண்ணினேன். அவருடைய பக்கத்தால் வந்தால் கடைசியில் எல்லாரும் வீட்டுக்கு வந்து சேர்வார்கள் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அறிவில்லாத வேலை என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நூறு போனது. ஐம்பது போனது. பத்துக்கு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றை எழுதின அன்றைக்குக் காலையில் குளித்து, தலை வாரி, கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். உம்மா வந்து, முடிந்துவிட்டது மகள், வெள்ளையை மாற்று என்றார். பூப்போட்ட சீலையை எடுத்து உடுத்தேன். வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.